யாரும் தொடாத புரோகிராம்

எங்கள் மிளகு விவசாயிகள் கம்பெனியின் சர்வர் கம்ப்யூட்டருக்கு ஆயுதபூஜைதோறும் தவறாமல் சந்தனப் பொட்டு வைப்பார் மேனேஜர் அண்ணாமலை. பெட்டியை அல்ல, அதற்குள் எட்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய புரோகிராமைத்தான் அவர் கும்பிட்டார் என்பது என் எண்ணம். சதீஷ்குமார் என்று ஒருவர் அதை எழுதிவைத்துவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டார். செவ்வாய்தோறும் காலையில், ‘இன்று லாரி வரும், மூட்டையைக் கொண்டு வாருங்கள்’ என்று திண்ணனூர் நாடு என்கிற மலையூர்களில் நூற்றிருபது பேருக்கு மெசேஜ் அனுப்புவது அதன் வேலை. கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது காண்ட்ராக்டில் இருக்கும் என் வேலை.

வியாழக்கிழமை பாதுகாப்பு ஆடிட். எங்கள் மிளகை வாங்குகிறவர்கள் ஆள் அனுப்புகிறார்கள். முன்கூட்டி வந்த பட்டியலில் முதல் வரியே இந்தப் புரோகிராம்தான். பாதுகாப்பில் ஓட்டை இருக்கிறது, நிறுத்தி வைத்தால் போதாது, திங்கட்கிழமைக்குள் நீக்கிவிட வேண்டும்.

“அத எடுத்தா லாரி காலியாத்தான் திரும்பும் சுகந்தி. காலியாத் திரும்புச்சுன்னா உன் காண்ட்ராக்ட நான் புதுப்பிக்க மாட்டேன், ஆமா” என்றார் அண்ணாமலை.

எடுக்காமல் ஆடிட்டில் தோற்றாலும் என் வேலைதான் போகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எரிச்சலோடு திங்கள் மதியம் அதை அடியோடு நீக்கினேன். புது மெசேஜ் வசதிக்குப் பத்து நாள் ஆகும் என்றார்கள். சரி என்று ஒவ்வொருவராகப் போன் போட்டேன். ஒன்பது பேர்தான் எடுத்தார்கள்.

செவ்வாய் காலை லாரியிலேயே ஏறிக்கொண்டேன். வேலை போவதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாமே. டிரைவர் பொன்னன், ஊருக்கு முந்தைய வளைவில் வண்டியை நிறுத்தி நீளமாக மூன்று முறை ஹாரன் அடித்தார்.

“காமணி நேரம் பொறுங்க” என்றார்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. காட்டுப் பாதைகளில் ஆட்கள் தலையில் மூட்டையோடு இறங்கி வந்தார்கள். லாரி நிறைந்தது. போன வாரத்தைவிட இரண்டு மூட்டை கூடுதல். எனக்கு நம்பவே முடியவில்லை.

மூட்டையை இறக்கிய பழனியம்மாளிடம், “மெசேஜ் வரலையே, எப்படிங்க வந்தீங்க?” என்று கேட்டேன்.

“இங்கெங்க கண்ணு சிக்னலு? சந்தைக்குப் போனாத்தான் அதெல்லாம் மொத்தமா வந்து கத்தும். பொன்னன் ஹாரன் அடிச்சாத்தான் நாங்க மூட்டையத் தூக்குவோம். முன்னாடியே ரோட்டுல கொண்டாந்து வெச்சா பனியில நனைஞ்சு பூசணம் புடிச்சுரும்.”

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த கல் அங்கேயே இறங்கியது.

“எட்டு வருசமா இத ஆபீசுல ஏனுங்க சொல்லல?” என்று பொன்னனிடம் பாய்ந்தேன்.

“யாருங்க கேட்டீங்க?” என்றார்.

வியாழக்கிழமை ஆடிட் முடிந்து எல்லாம் சரி என்றார்கள். கிளம்பும்போது வந்தவர், “நீக்கின அந்தப் புரோகிராம் எதுக்குப் பயன்பட்டது?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், என் காண்ட்ராக்ட் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அண்ணாமலை தலையைத் தூக்காமலே சொன்னார்: “ஒண்ணுத்துக்கும் இல்லீங்க. நான் அப்பவே சொன்னேன்.”