கூடாரத்துக்குள் என்ன செய்வது?

மகிழ்ச்சி ஆலோசகர் என்று தன் பெயருக்குக் கீழே தானே அச்சடித்துக்கொண்டவர் அவர். அதற்கென்று படிப்பு எதுவும் கிடையாது. கொஞ்சம் கனிந்த குரல், கொஞ்சம் அகன்ற நெற்றி, அவ்வளவுதான் மூலதனம். காசு செலவில்லாமல் பிள்ளைகளோடு களிப்பது எப்படி என்று வாராவாரம் வீடியோ போடுவார். வேலைக்கு ஓடும் அப்பா அம்மாக்கள் பேருந்தில் தொங்கியபடி அதைப் பார்த்துக் கண்கலங்கினார்கள். காகிதக் கப்பல், சுவரில் கைநிழல் முயல், அட்டைப்பெட்டிக் கார் என்று எல்லாவற்றிலும் அவருடைய மகள் வாயெல்லாம் பல்லாக இருந்தாள். வீட்டில் அவள் பெயர் சுண்டு. இன்னும் ஒன்றாம் வகுப்புக்கே போகவில்லை.

ஆனந்தமெல்லாம் படம் பிடிக்கும் வரைதான். முடிந்ததும் அட்டைப்பெட்டி அடுத்த பதிவுக்கென்று பரணேறிவிடும். ஆலோசகர் வந்த பாராட்டுகளுக்குப் பதில் எழுத உட்காருவார். ‘உங்கள் பிள்ளை கேட்பது உங்கள் நேரத்தைத்தான்’ என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பிள்ளை முதுகைச் சுரண்டும். ஒரு கை மட்டும் பின்னால் போய் அவளை ஓரமாக நகர்த்தும்.

மனைவி மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்ப்பவள். ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: “நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். சுண்டுவும் என்கூட வரா.”

சண்டை, சமாதானம், மறுபடி சண்டை எல்லாம் ஓய்ந்த பிறகு மிஞ்சியது ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமைகள். அவையாவது தனக்கு வேண்டும் என்றார் ஆலோசகர்.

“அவளையே கேப்போம். வரேன்னா நானே கொண்டுவந்து விடறேன். மாட்டேன்னா வற்புறுத்தக் கூடாது,” என்றாள் மனைவி.

ஆலோசகர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். ஊரார் பிள்ளையையெல்லாம் குதிக்க வைத்தவருக்குச் சொந்தப் பிள்ளை எம்மாத்திரம்?

கிளம்பும் நாள் காலையில் சாப்பாட்டு மேசைமேல் போர்வையைப் போர்த்தி, நாற்காலியோடு துணிக்கிளிப் மாட்டிக் கூடாரம் கட்டினார். மூட்டை கட்ட வந்திருந்த மனைவியின் அக்கா எட்டிப் பார்த்தாள்.

“என்ன தம்பி, வீடு கட்டறீங்களா? இருக்கற வீடு காலியாகற அன்னிக்குத்தான் தோணுச்சாக்கும்!”

“சும்மா விளையாட்டுதான், அக்கா.”

“ஆமாமா. இதுலயாவது குடும்பம் நடத்துங்க.”

சுண்டு வந்தாள். யாரும் சொல்லாமலே உள்ளே தவழ்ந்தாள். முடியை ஒதுக்கி, வெளிச்சம் விழும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ரெடிப்பா,” என்றாள்.

“இன்னிக்கு போன் இல்லடா தங்கம். அணைச்சு வெச்சுட்டேன். சும்மா விளையாடலாம்.”

“சும்மான்னா?”

“நீயும் நானும். இதுக்குள்ள.”

“நான் என்ன சொல்லணும்?”

“ஒண்ணும் வேண்டாம். உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு.”

அவள் யோசித்தாள். பிறகு கைதட்டி, “ஐ! எங்கப்பா கூடாரம் கட்டியிருக்காரே!” என்று கூவினாள். குரல் தேன்போல இருந்தது. கூவி முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். “சரியா இருந்துச்சாப்பா? இன்னொரு தடவை பண்ணட்டுமா?”

ஆலோசகர் எத்தனையோ கூடாரம் கட்டியிருக்கிறார். ஆனால் அந்தக் கைதட்டலுக்கு அப்புறம் உள்ளே என்ன நடக்கும் என்பது அவருக்கே தெரியாது. ஏதாவது செய்தாக வேண்டுமே என்று தானும் உள்ளே தவழ்ந்தார். மேசை விளிம்பில் மண்டை மடேரென்று மோதியது.

சுண்டு சிரிக்கவில்லை. அவர் நெற்றியைத் தடவிவிட்டாள். “பரவால்லப்பா, இதை வெட்டிடலாம்.”

இரண்டு பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவள் மரியாதையாகக் கேட்டாள்: “முடிஞ்சுதாப்பா? நான் போலாமா?”

போனாள். அடுத்த அறையில் அம்மா காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள். “இதோட புருஷனைக் காணோம்டி, எங்க ஓடிப்போனான் பாரு!” என்றாள். “பொய்! அது புருஷன் இல்ல, தங்கச்சி!” என்று மகள் கெக்கெக்கே என்று சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் விக்கலாகி, விக்கலிலும் சிரித்தாள். இப்படியொரு சிரிப்பு அவர் எடுத்த எந்தப் படத்திலும் இல்லை. ஆலோசகர் போர்வைக்குள்ளிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

பைகள் வாசலுக்கு வந்தன. மனைவி மகளின் முன் குந்தி உட்கார்ந்தாள். எந்தப் பக்கமும் சாயாத குரலில் கேட்டாள்.

“சுண்டு, ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட வரியா? உன் இஷ்டம்தான்.”

சுண்டு அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அப்பா மனம் நோகக் கூடாதே என்ற கவலை அந்தச் சின்ன முகத்தில் தெரிந்தது. கடைசியில் அம்மாவின் காதருகே போய், எல்லோருக்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை எனக்கு லீவும்மா.”

அக்கா குனிந்து பையைத் தூக்கிக்கொண்டாள். மனைவி வாயைத் திறந்தாள். அவருக்காக ஏதோ சொல்லத்தான் போனாள். அவர் கைகாட்டித் தடுத்தார்.

“ஆமாடா,” என்றார். குரலில் கனிவு கினிவு எதுவும் இல்லை, பிசிறடித்தது. “லீவு நாள்ல யாராவது வேலைக்கு வருவாங்களா? நீ அம்மாகூட இரு.”

சுண்டுவுக்கு நிம்மதி. படிக்கட்டில் ஒற்றைக்காலால் குதித்துக் குதித்து இறங்கினாள்.