மச்சான் வரட்டும்

அண்ணனை அடக்கம் செய்த கையோடு, முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தீக்காய வார்டில் கணவன் இரண்டு கையிலும் கட்டோடு படுத்திருந்தான்.

“மச்சான் ஏன் வரல?”

“வேலை அதிகமாம்” என்றாள்.

கணவனும் அண்ணனும் ஒரே நூற்பாலையில்தான் வேலை பார்த்தார்கள். கணவன் எலக்ட்ரீஷியன், அண்ணன் ஃபிட்டர். மெயினை அணைத்துவிட்டுத்தான் இவன் மோட்டார் பெட்டியைத் திறந்தான். ஆனால் எப்போதோ யாரோ இழுத்துவிட்டிருந்த வேறொரு லைனில் கரண்ட் இருந்தது. தொட்ட கையை எடுக்க முடியவில்லை. ஓடிவந்த அண்ணன் வெறுங்கையால் தோளைப் பிடித்து இழுத்தார். இவன் தூரப் போய் விழுந்தான். அவருக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

அவன் தினமும் மச்சானைக் கேட்டான். அவளும் தினமும் ஏதாவது சொல்லிச் சமாளித்தாள். அதற்குள் அவனுடைய வலது கை விரல்கள் கறுத்துவிட்டன.

“வெளிக்காயம் கொஞ்சந்தான். உள்ள சதை வெந்துபோச்சு. முழங்கைக்குக் கீழ எடுத்தாகணும்” என்றார் டாக்டர்.

“இனிமே நகம் வெட்டுற வேலை பாதி மிச்சம்” என்றான் அவன். டாக்டர் போனதும் குரல் இறங்கிற்று. “மச்சான் வரட்டும். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம நான் ஒத்துக்க மாட்டேன்.”

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணன் வர மாட்டாருங்க.”

“எம்மேல கோவமா?”

“உங்கள இழுத்துப் போட்டுட்டு அவரு போயிட்டாருங்க.”

அவன் சுவர்ப் பக்கம் திரும்பினான். கட்டுப் போட்ட கைகளால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தவள், அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் அவன் ஆபரேஷனுக்குச் சம்மதித்தான்.

வீடு திரும்பிய பிறகு அண்ணி பார்க்க வந்தாள். அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவன் குமைந்துகொண்டிருந்தான்.

“அக்கா, என்னாலதான்...”

“அதைப் பேச நான் வரல. கடைசியா அவர் என்ன சொன்னாருன்னு உங்களுக்குத்தான் தெரியும். அதை மட்டும் சொல்லுங்க.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நான் துடிச்சதப் பாத்து, ‘போதும் மாப்பிள்ளை, வேலையப் பாருங்க’ன்னு சிரிச்சாரு. எப்பவும்போல விளையாட்டுக்கு நடிக்கிறேன்னு நெனச்சிட்டாரு. அப்புறம் புகையப் பாத்து ஓடி வந்தாரு.”

“சிரிச்சாரா?”

“சிரிச்சாருக்கா.”

அண்ணி மெல்லத் தலையாட்டினாள். பிறகு எழுந்து, “கட்டு நனையாம பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.