கேக் உள்ள வகுப்பு

1

என்னிடம் ஒரு குட்டிக் கம்பெனியின் பங்குகள் கொஞ்சம் இருக்கின்றன. அதனால் வருஷா வருஷம் அறிக்கை வரும். அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? நான் படித்தேன், ஏனென்றால் பஸ் வரவில்லை. அதில் ஒரு வரி: ‘இணையப் பாதுகாப்புப் பயிற்சியில் நூறு சதவீத ஊழியர்கள் பங்கேற்றனர்.’

நூறு சதவீதமா! சொந்தக் கல்யாணத்துக்குக்கூட அத்தனை பேர் வருவதில்லையே! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம் ஒன்று: மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலை

(வேண்டாம். மழைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?)

தொடக்கம் இரண்டு: செயலாளரம்மா பேனாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

(இது தேவலை.)

நாற்காலிச் சக்கரம் செய்கிற கம்பெனி அது. பங்குச் சந்தையில் இருப்பதால், இணையத் திருட்டை எப்படித் தடுக்கிறோம், இயக்குநர் குழு அதை எப்படி மேற்பார்வை செய்கிறது என்று அறிக்கையில் சொல்லியாக வேண்டும். எழுதிக் கையெழுத்திடுவது செயலாளரம்மா. பொய் எழுதினால் வேலையும் போகும், பேரும் கெடும்.

தடுப்பு இதுதான். கம்ப்யூட்டர்க்காரர் அவ்வப்போது ‘பரிசு விழுந்திருக்கிறது, அழுத்துங்கள்’ என்று ஒரு போலி மெயில் அனுப்புவார். ஏமாந்து அழுத்தியவர்களுக்கு அரை நாள் வகுப்பு. பாவம், சலிப்பாக இருக்குமே என்று ஏசி அறையும் கேக்கும் ஏற்பாடு செய்தது செயலாளரம்மாதான்.

அவ்வளவுதான். கேக்குக்காகவே எல்லாரும் அழுத்த ஆரம்பித்தார்கள்.*

* கணக்குப் பிரிவில் ஒருவர், மெயில் தாமதமானால் போன் போட்டுக் கேட்பார்.

3

ஒருநாள் நிஜத் திருடனே மெயில் அனுப்பினான். ஆபீஸே பாய்ந்து அழுத்தியது. ஆர்டர் விவரங்கள் மொத்தமும் பூட்டிக்கொண்டன.

கம்ப்யூட்டர்க்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “யாரும் எதையும் தொடாதீங்க! இது ஒத்திகை இல்ல, நிஜம்!”

“அய்யய்யோ, அப்ப கேக் கிடையாதா?”

கேட்டவர் இயக்குநர் குழுத் தலைவர். முதலில் அழுத்தியவரும் அவரே.

(இப்படி ஒரு தலைவர் இருப்பாரா என்கிறீர்களா? நானும் சந்தேகப்பட்டு அவரைக் கதையிலிருந்து அடித்துவிட்டேன். மனுஷர் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.)

விவரங்களின் நகல் வேறொரு இடத்தில் பத்திரமாக இருந்ததால் ஆலை பிழைத்தது. அறிக்கைதான் பாக்கி.

4

தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, செயலாளரம்மா எழுதியதைப் படித்தார்: ‘திருட்டு மெயிலை முதலில் அழுத்தியவர், தடுப்பை மேற்பார்வை செய்ய வேண்டிய தலைவர். கேக் வைத்தது நான்.’

“என்னம்மா, என் மானத்த வாங்கறே?”

“என்னோடதும் சேர்ந்துதான் சார் போகுது.”

“பயிற்சிக்கு நூறு சதவீதம் வந்தாங்கன்னு போட்டுக்கோ. அதுவும் உண்மைதானே?”

“உண்மைதான் சார். அதையும் போடறேன். ஆனா இத எடுக்க மாட்டேன். எடுக்கணும்னா வேற ஆள வச்சுக் கையெழுத்து வாங்கிக்கோங்க.”

சொல்லிவிட்டு, கையெழுத்துப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். தலைவர் பேனாவை எடுத்தார். அடிப்பதற்கா, ஒப்புதல்

(இங்கே நிறுத்துகிறேன்.)

5

நூறு சதவீதம் அச்சானது உங்களுக்குத் தெரியும். அடுத்த வரி என்ன? நான் பக்கத்தைப் புரட்டுவதற்குள் பஸ் வந்துவிட்டது. முடிவு தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்கள் மட்டும் இங்கே அழுத்துங்கள்:

[ முடிவு ]

அழுத்தினீர்களா?

‘அழுத்திய அனைவரும் செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வரவும். தலைவர் முன்வரிசையில் இருப்பார். கேக் கிடையாது. இப்படிக்கு, செயலாளர்.’