ஐஸ் பெட்டிக்குள் எட்டுப் பூசணிக்காய்

பதினொரு வருசமாக அன்ரோனெற் வெங்காயந்தான் உரித்தாள். மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்குக் கடற்கரை ஊரான அரிப்பிலிருந்து லொறியில் போய்க் கொட்டில் போட்டுத் தங்குகிற நாற்பது குடும்பங்களுக்கும் ஒரே சமையல். அதற்குப் பொறுப்பான அமிர்தநாயகம் லேசில் யாருக்கும் அகப்பையைக் கொடுக்கிற ஆள் இல்லை. அப்படிப்பட்டவர் இந்த முறை பூசை முடிய அவளைக் கூப்பிட்டு, திருநாள் மத்தியானத்துப் பூசணிக்காய்க் கறி அவளுடைய பொறுப்பு, காயையும் அவளே பார்த்து எடுக்கட்டும் என்றார். நன்றாக வந்தால் ஒவ்வொரு வருசமும் அவளுக்குத்தான், வராவிட்டால் பழையபடி வெங்காயம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்ரோனெற்றுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. புருசன் பஸ்ரியனிடம் இந்தச் செய்தியை மூன்று தரம் சொன்னாள், அவரும் மூன்று தரமும் ஓம் என்றார்.

அடுத்த நாளே ஆட்டோ பிடித்து நறுவிலிக்குளத்துக்கு ஓடினாள். அங்கே சிவராணியின் தோட்டத்தில் காய் நன்றாக இருக்கும் என்று கேள்வி. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், மண்ணோடு பழகின கை. சிவராணி அவளைக் கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போய், வைக்கோலில் ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி வைத்திருந்த காய்களைக் காட்டினாள். தோல் மங்கிப் புழுதி பிடித்துக் கிடந்தது. காம்பெல்லாம் காய்ந்து தக்கைபோல இருந்தன. வெட்டி மூன்று கிழமை ஆகிறது என்று சிவராணி பெருமையாகச் சொன்னதும் அன்ரோனெற்றின் முகம் கோணிப்போனது.

மூன்று கிழமையா? கரையில் மீன் தெரிந்தெடுப்பதில் அவளை வெல்ல அரிப்பில் ஆள் இல்லை. மினுங்க வேண்டும், ஈரம் இருக்க வேண்டும், அன்றைக்கே பிடிபட்டதாய் இருக்க வேண்டும். மங்கிக் காய்ந்ததை யாரும் தன் தலையில் கட்ட முடியாது. வெளியே கொடியில் எட்டுக் காய்கள் பச்சைப்பசேலென்று பளபளத்துக்கொண்டு கிடந்தன. அவற்றைத்தான் வெட்டித் தரச் சொன்னாள்.

சிவராணி தலையில் கை வைத்தாள். "அக்கா, அது இன்னும் முத்தல. நெகத்தால கீறிப் பாருங்க, உள்ள போகும். கொட்டிலுக்குள்ள இருக்கிறது பழசுதான், ஆனா வைக்க வைக்கத்தான் இனிப்பு ஏறும்."

கடைக்காரர் பழைய மீனுக்குச் சொல்லாத கதையா என்று அன்ரோனெற் மனதுக்குள் நினைத்துக்கொண்டாள். எட்டையும் வெட்டுவித்து, காம்பில் பால் வடிய வடிய ஆட்டோவில் ஏற்றினாள். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் தேய்த்துக் கழுவினாள். பிறகு பஸ்ரியன் மீன் போடுகிற பெரிய ஐஸ் பெட்டிகள் இரண்டையும் மணம் போகக் கழுவி, ஐஸ் கொட்டி, காயை அடுக்கி, மூடியை இறுக்கினாள். மூன்று நாளும் காலையும் மாலையும் ஐஸ் மாற்றினாள். பிள்ளைக்கு மருந்து கொடுப்பதுபோல ஒரு நேரம் தவறவில்லை.

திருநாளுக்கு முதல் நாள் விடியவே, சும்மா ருசி பார்க்கலாம் என்று ஒன்றை வெட்டினாள். உள்ளே சதை வெளிறிக் கிடந்தது. பல்லில் வைத்தால் புல்லும் தண்ணீரும். அடுப்பில் ஒரு கைப்பிடி போட்டுப் பார்த்தாள், குழைந்து கஞ்சியாய்ப் போனது. கழுவின ஈரம் நின்ற இரண்டு காய்களில் காம்படி ஊறி மெத்தென்று ஆகிவிட்டிருந்தது. சிவராணிக்குப் போன் எடுத்தால், கொட்டிலில் இருந்ததெல்லாம் முந்தாநாள் சந்தை லொறியில் ஏறிப்போய்விட்டதாம். சிவராணி ஒரு சொல் குத்திக் காட்டவில்லை. அது இன்னும் சுட்டது.

அன்ரோனெற் முற்றத்தில் குந்தியிருந்து கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடிய மூளை வேலை செய்யத் தொடங்கியது. தண்ணீர் கூடினதுதானே குற்றம்? தண்ணீரை எடுக்க அரிப்புக்காரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டுமா? உப்பும் வெயிலும் காற்றும் இருக்கக் கவலை என்ன?

மற்றக் காய்களையும் வெட்டி, பழுதைக் கழித்து, விரல் தடிப்பில் கீறி உப்புப் பிரட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் கத்தியோடு வந்து சேர்ந்தார்கள். ஆனால் எதில் காயப் போடுவது? கருவாடு போடுகிற பந்தலில் போட்டால் மீன், மச்சம் தொடாத நேர்த்திக்கடன் சாப்பாட்டில் கருவாடு மணக்கும். அவளுடைய கண் பஸ்ரியனின் புது வலையில் போய் நின்றது. இன்னும் கடலில் இறங்காத வலை. பங்குச் சுவாமி தண்ணீர் தெளித்து மந்திரித்த பிறகுதான் இறக்குவது என்று பஸ்ரியன் சுற்றி வைத்திருந்தார்.

"அதிலை மட்டும் கை வைக்காதை" என்றார் பஸ்ரியன்.

"மாதாவின்ரை சனத்துக்குச் சாப்பாடு சுமக்கிறதைவிடப் பெரிய மந்திரிப்பு என்ன இருக்கு? பிடியுங்கோ அந்தப் பக்கத்தை."

அவர் பிடித்தார். நாலு கம்பில் வலையைக் கட்டி, மேலேயும் கீழேயும் காற்றுப் போகப் பரப்பினார்கள். ஆவணி வெயில் நெருப்பாய் எரிந்தது, கடற்காற்று நிற்காமல் அடித்தது. மணிக்கு ஒரு தரம் எல்லாரும் ஓடி ஓடிப் புரட்டினார்கள். பின்னேரம் ஆகத் துண்டுகள் சுருங்கி மஞ்சள் ஏறிவிட்டன. ஒன்றை வாயில் போட்டவள் சிரித்துக்கொண்டு பஸ்ரியனின் வாயிலும் ஒன்றைத் திணித்தாள். லொறி ஏறும்போது எட்டுக் காயும் இரண்டு ஓலைக் கடகத்துக்குள் அடங்கிவிட்டிருந்தன.

மடுவில் மறுநாள் துண்டுகளைக் கழுவிப் பிழிந்து, கடுகும் கறிவேப்பிலையும் வெடிக்க விட்டுப் பிரட்டினாள். வறுத்து இடித்த தேங்காயும் மிளகும் போட்டாள், உப்பு ஒரு கல்லும் போடவில்லை. கடைசியில் தேங்காய் முதற்பால் விட்டதும், சுருங்கிக் கிடந்த துண்டுகள் பாலைக் குடித்துக்கொண்டு எழும்பின. பந்தி முழுக்க மணம் பரவியது.

ஆளுக்கு மூன்று துண்டுதான் கிடைத்தது. அமிர்தநாயகம் முதல் துண்டை மென்றுவிட்டு இரண்டாவதை எடுத்தார். இப்படி இறுக்கமும் இனிப்புமாய்ப் பூசணிக்காய் தான் தின்றதில்லை, காய் தெரிந்தெடுக்கிறதில் அரிப்பிலேயே அன்ரோனெற்றுக்குத்தான் கை என்று பந்தி கேட்கச் சொன்னார். அந்த நேரம் பார்த்து, பந்தியின் நாலாவது ஆளாக, நறுவிலிக்குளத்துச் சனத்தோடு மடுவுக்கு வந்திருந்த சிவராணி குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பது அன்ரோனெற்றின் கண்ணில் பட்டது. எந்தக் காய் வந்தது என்று சிவராணிக்குத் தெரியும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அகப்பை தன்னுடையது. அன்ரோனெற்றால் முடியவில்லை.

"அண்ணை, நான் காயைப் பிழையாத்தான் எடுத்தனான். சிவராணி சொல்லச் சொல்லக் கேக்காமல் பிஞ்சை வெட்டுவிச்சு, கழுவி, மீன்மாதிரி ஐஸிலை போட்டு வைச்சனான். பழுதாப்போன காயைத்தான் காய வைச்சுச் சமைச்சனான். இனிமேல் காய் எடுக்கிறது சிவராணியாத்தான் இருக்கோணும்."

ஐஸ் என்றதும் பந்தி கொல்லென்று சிரித்தது. சிவராணிக்குப் புரையேறியது. அமிர்தநாயகம் மட்டும் சிரிக்காமல் கையை நீட்டினார். அகப்பையைத் திருப்பிக் கேட்கிறார் என்று நினைத்து, கண் கலங்க அவள் அதை நீட்டினாள். அவர் அதைத் தள்ளிவிட்டுத் தட்டை நீட்டினார்.

"அவ காயை எடுக்கட்டும். நீ இதிலை இன்னும் ரெண்டு துண்டு போடு" என்றார்.