தலைத்துணிக்குள் இருந்த போன்

எங்கள் லாரிக்காரர்கள் யாரும் போனைக் கையில் பிடித்துப் பேசுவதில்லை. பிடித்தால் போலீஸ் கண்ணில் படும், அபராதம். தலையில் சுற்றிய சிவப்புக் கட்டத்துணியை இறுக்கி, காதோரம் போனைச் செருகிவிட்டால் வெளியே தெரியாது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும். சட்டத்தை ஏய்த்துவிட்டோம் என்று எல்லோருக்கும் பெருமை. எனக்கும்தான்.

மஃப்ரக் என்ற பாலைவன ஊர்ப் பக்கத்தில் ஒரு தனியார் கிணற்றிலிருந்து தண்ணீர் லாரிகளை அனுப்புகிறவன் நான். பெயர் சுவைலிம். இருபது வருடம் குவாரியில் கல் உடைத்து முதுகு போன பிறகு கிடைத்த நாற்காலி இது. ஆகஸ்டில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள்தான். ஜனங்கள் என்னைத் திட்டுவார்கள். நான் போனில் டிரைவர்களைத் திட்டுவேன். அன்று காலை பத்து மணிக்குள் டிரைவர் கலஃபை மூன்றாவது முறையாகக் கூப்பிட்டேன்.

"எங்கடா இருக்கே? அந்தப் பொம்பளை என் உசிரை வாங்குறா. தொட்டி காஞ்சு கெடக்காம்."

"லாரிக்கு ரெண்டு ரெக்கை வாங்கிக் குடு, பறந்து போறேன்."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் இரும்பு மடங்குகிற சத்தம் வந்தது.

ஓரமாக வண்டியை நிறுத்தி டயர் மாற்றிக்கொண்டிருந்த ஒரு பையன் மேல் கலஃபின் லாரி மோதிவிட்டது. ராகான், இருபத்திரண்டு வயது. கலஃப் பதறி இறங்கி, தன் தலைத்துணியை அவிழ்த்து அவன் தலைக்குக் கீழே வைத்துவிட்டு, உதவி தேடி ரோட்டில் ஓடியிருக்கிறான். மடிப்புக்குள் போன் இருந்தது. லைன் அறுபடவில்லை. இது எதுவும் தெரியாமல் நான், "கலஃப்! கலஃப்!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

வேறு குரல் பதில் சொன்னது. "யாரு? அப்பாவுக்குச் சொல்லுங்க. நம்பர் சொல்றேன்."

சொன்னான். மூச்சு வாங்கி மறுபடி சொன்னான். மூன்றாவது முறை பாதியில் நின்று, முதலிலிருந்து ஆரம்பித்தான். எனக்கு ஒன்றுதான் ஓடியது: அந்த நம்பரைக் கூப்பிட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். போனை வைத்துவிட்டேன்.

பையன் பிழைக்கவில்லை. வெயில் கண்ணில் அடித்தது என்று கலஃப் போலீசில் சொன்னான். உள்ளே வைத்தார்கள். அன்றிலிருந்து யார் போனில் ஹலோ சொன்னாலும் அதற்குப் பின்னால் ஒருவன் மூச்சு வாங்குகிறான். வீட்டில் மனைவி பாத்திரம் கழுவும்போது நம்பர் சொல்கிறான். பெண்டாட்டி பிள்ளை யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும், கலஃபின் குலத்து ஆட்கள் நாற்பது பேர் மன்னிப்புக் கேட்கப் போனோம். பையன் வீட்டு வாசலில் கூடாரம். எங்கள் தலைவர் ஹாயில் முன்னால் காபிக் கிண்ணத்தை வைத்தார்கள். அவர் தொடவில்லை. கேட்டது கிடைத்தால்தான் குடிப்பது எங்கள் வழக்கம். குடித்துவிட்டால் குடும்பம் வழக்கை விட்டது என்று அர்த்தம், கலஃப் சீக்கிரம் வெளியே வந்துவிடுவான்.

"யா அபூ ராகான், இது அல்லாவோட விதி. உங்க புள்ளை அந்த எடத்துலயே போயிட்டான். வலிகூடத் தெரிஞ்சிருக்காது" என்றார் ஹாயில்.

அபூ ராகான், அதாவது ராகானின் அப்பா, கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணில் சிமெண்ட். என் கை மாதிரியே கை.

"அது ஒன்னுதான் எனக்கு ஆறுதல்" என்றார். "உசிரு இருந்திருந்தா என்னைக் கூப்பிட்டிருப்பான். ஒன்னே ஒன்னு கேக்கறேன். உங்க ஆளு போன்ல பேசிக்கிட்டு வந்தானா? இல்லைன்னு தெரிஞ்ச ஒருத்தர் சத்தியம் பண்ணுங்க. காபியைக் குடிங்க. விட்டுடறேன்."

கலஃபின் அண்ணன் நாயிஃப் என் விலாவில் இடித்தான். "எந்திரி. நீதானே வண்டி அனுப்பினே. சத்தியம் பண்ணிட்டு உக்காரு, முடிஞ்சுது."

எழுந்தேன். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. வாயைத் திறந்தபோது சத்தியம் வரவில்லை.

"பேசிக்கிட்டுதான் வந்தான். என்கூட."

கூடாரம் முழுக்கச் சத்தம். பையனின் அப்பா மட்டும் கையை உயர்த்தினார். அடங்கியது.

"அப்போ மோதினப்ப போன்ல நீ கேட்டிருப்பே. என்ன கேட்டுச்சு?"

"உங்க புள்ளை உங்க நம்பரைச் சொன்னாரு. உங்களைக் கூப்பிடச் சொன்னாரு. நான் கூப்பிடலை."

"என்ன நம்பர்?"

சொல்ல ஆரம்பித்தேன். எட்டாவது எண்ணில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். "போதும்" என்றார். "மிச்சத்தைச் சொல்லாதே."

கண்ணைத் திறந்தார். பிறகு ஹாயிலைப் பார்த்துச் சொன்னார்: "மன்னிப்பு இல்லை. மூணு மாசம் தவணை தர்றேன், எங்க ஆளுங்க உங்க மேல கை வைக்க மாட்டாங்க. உங்க கிணத்து லாரி எதுலயும் போன் ஏறக்கூடாது. ஒன்னு ஏறினாலும் தவணை முடிஞ்சுது."

ஹாயில் தலையாட்டினார். காபி அப்படியே இருந்தது.

திரும்பும் வழியில் நாயிஃப் காரை ஓரங்கட்டினான். "எறங்கு."

"ஊரு பன்னெண்டு கிலோமீட்டர்டா."

"மனசு லேசாயிடுச்சுல்ல? லேசா நடந்து போ. போயி எங்கம்மாகிட்ட நீயே சொல்லு, அவ புள்ளை ஏன் வரலைன்னு."

இறங்கினேன். லேசாகவெல்லாம் இல்லை. தார் இன்னும் சூடாக இருந்தது. அரைமணி நடந்த பிறகு ஒரு தக்காளி வண்டி பக்கத்தில் நின்றது. ஓட்டுகிறவன் ஒரு கையில் போனை வைத்துப் பேசிக்கொண்டே மறு கையால் கதவைத் திறந்தான்.

"ஏறுங்க மாமா."

"போனை வை. ஏறறேன்."

"எம் பொண்ணுதான். முன்பல்லு விழுந்துடுச்சாம், அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கா."

"வை. வச்சுட்டு ஓட்டு."

என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஒன்னுமில்லை கண்ணு, இங்க ஒரு ஆளுக்கு வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு" என்று போனில் சொல்லிவிட்டு, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு கிளம்பினான்.

வண்டி வளைவில் மறையும்வரை பார்த்தேன். மறைந்த பிறகும் நகராமல், இரும்பு மடங்குகிற சத்தம் வருமோ என்று அந்தப் பக்கமே காது வைத்து நின்றேன்.