உறவுமுறை: கொழுந்தன்

எங்கள் தலைமைக் கணக்கர் ஸாபிரா ஓமரோவ்னா அந்தப் படிவத்தை உரக்கப் படித்துக் காட்டியபோது கணக்குப் பிரிவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. படிவம் என் அண்ணியுடையது.

"கேளுங்கடி! உடல் ஊனமுள்ள குழந்தையோட அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வரிச்சலுகைன்னு மேல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. இவ என்ன எழுதியிருக்கா? உறவுமுறை, கொழுந்தன்! குழந்தையோட பேரு எழுதுற இடத்துல ஒண்ணுமே காணோம். அடுத்த வருஷம் மாமனார் வீட்டு ஆட்டுக்கும் சலுகை கேப்பாளுக போல."

"கொடுங்க அதை" என்று கையை நீட்டினேன்.

"கோவத்தைப் பாரு. உங்க வீட்டு ஆளுதானே, மேரு? பட்டம் வாங்கின பொண்ணு, நீயாவது சொல்லிக் கொடுக்கக் கூடாதா?"

சொல்லிக் கொடுத்ததே நான்தான். தராஸ் நகரத்துக்கு வெளியே இருக்கும் இந்த முட்டைப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்ததும் நான் செய்த முதல் காரியம், யார் யாருக்கு என்ன வரிச்சலுகை உண்டு என்று எழுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டியதுதான். அதுவரை யாரும் ஒட்டவில்லை. "கேட்டா கொடுப்போம், கேக்கலையே" என்பார் ஸாபிரா. தெரியாதவள் எப்படிக் கேட்பாள்? முட்டை தரம் பிரிக்கும் கூடத்திலிருந்து முதலில் வந்து படிவம் கேட்டவள் என் அண்ணி குல்ஸிம். அவள் பொய் எழுதவில்லை. சட்டப்படி அந்தக் குழந்தை அவளுக்குக் கொழுந்தன்தான். அவளே பெற்ற கொழுந்தன்.

தலைப்பிள்ளை தாத்தா வீட்டுக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மற்றவர்கள் வாய்ச்சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். என் அப்பா சேய்த்கலி எதையும் பாதியில் நிறுத்துகிறவர் இல்லை. பேரன் பிறந்ததும் நீதிமன்றத்துக்குப் போய் முறையாகத் தத்தெடுத்தார். அன்றிலிருந்து அல்தியார் எனக்குத் தம்பி, என் அண்ணன் கைசாருக்கும் தம்பி. வீட்டுக்கு வந்த மருமகள் கணவனோடு பிறந்தவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் குல்ஸிம் தன் பிள்ளையைக் 'குட்டித் துரை' என்றுதான் கூப்பிட்டாள். குட்டித் துரைக்குக் கால்கள் இரண்டும் கட்டையாக விறைத்துக்கொள்ளும் என்பது பிறகுதான் தெரிந்தது. என் அம்மா இறந்த பிறகு அவனைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, கால் பயிற்சிக்குப் பேருந்தில் கொண்டுபோவது எல்லாம் அவள்தான். பெயரைச் சொல்லும் உரிமை மட்டும் வரவில்லை.

சட்டத்தின் அழகைப் பாருங்கள். சலுகை கேட்கும் உரிமை அப்பாவுக்கு, ஆனால் அவருடைய ஓய்வூதியத்துக்கு வரியே கிடையாது. அண்ணன் யாருடைய லாரியையோ ஓட்டிக் கூலியைக் கையில் வாங்குகிறவன், கணக்கிலேயே வராதவன். எங்கள் வீட்டில் சம்பளத்தில் வரி பிடிக்கப்படுவது இரண்டே பேருக்கு: எனக்கும் குல்ஸிமுக்கும். அந்தப் பிடித்தம் நின்றால் பயிற்சிக்கு மாதத்தில் இன்னும் சில முறை போகலாம். நிற்காது. அண்ணிக்குச் சலுகை கிடையாதே.

அன்று மாலை படிவத்தை அப்பாவின் தேநீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கோகே, தத்தெடுப்பை ரத்து பண்ணுங்க. பிள்ளையை ஜெங்கே பேருக்கு மாத்துங்க."

அப்பா பவுர்சாக் பணியாரத்தைப் பாலேட்டில் தோய்த்துக்கொண்டே, "எந்த ஜெங்கே?" என்றார்.

"எனக்கு எத்தனை அண்ணி இருக்காங்க? டீ ஊத்திக்கிட்டு நிக்கிறாங்களே, அவங்கதான்."

"நாலு காசு வரிக்காக மகனை விக்கச் சொல்றியா? இதுக்கா உன்னை அல்மாத்திக்கு அனுப்பிப் படிக்க வச்சேன்?"

"யாரு மகன்? யாரு சுமந்தது?"

அண்ணன் தட்டிலிருந்து நிமிராமல், "மேரு, விடு" என்றான்.

"நீ பேசாத. உன் பிள்ளையைத் தம்பின்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்க, வெக்கமா இல்ல?"

"ஏய்! இது ஏழு தலைமுறைப் பேரு சொல்ற வீடு" என்றார் அப்பா.

"ஆமா. ஏழு தலைமுறை ஆம்பளைங்க பேரையும் மூச்சு விடாம ஒப்பிப்பீங்க. பெத்தவ ஒத்தைப் பேரு சொல்லக் கூடாது. இன்னிக்கு ஆபீஸே சிரிச்சுது கோகே, ஜெங்கேயைப் பார்த்து."

அப்பா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அவ கேட்டாளா? இத்தனை வருஷத்துல ஒரு தடவை கேட்டிருக்காளா? நீதான் குதிக்கிற. அவ வாயால கேக்கட்டும், நாளைக்கே கோர்ட்டு வாசல்ல நிக்கிறேன். கைசார், நீயே சாட்சி."

அவள் வாயைத் திறக்க மாட்டாள் என்ற தைரியத்தில் விட்ட சவால் அது. அவர் முன்னால் அவள் குரலை உயர்த்தியதில்லை, அவருக்கு முதுகைக் காட்டி நடந்ததுகூட இல்லை. அப்படிப்பட்டவளிடம் வாயால் கேள் என்றால்?

குல்ஸிம் கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டு வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அதா," என்றாள், மாமனாரை. "கேக்கிறேன்."

அப்பாவின் மீசையில் பாலேடு ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை. எழுந்துபோய்த் தொப்பியை எடுத்துக்கொண்டு பனியில் இறங்கி, நெடுநேரம் ஆட்டுக் கொட்டிலில் நின்றார். சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வாரமே மனுவில் கையெழுத்துப் போட்டார்.

விசாரணைக்குப் பனி உருகும் காலத்தில்தான் அழைத்தார்கள். நீதிபதி எங்கள் வயதுப் பெண். அப்பா, அண்ணன் இருவரையும் கேட்டு முடித்துவிட்டுக் குல்ஸிமை எழுந்து நிற்கச் சொன்னாள்.

"குழந்தையோட பேரு?"

குல்ஸிம் மாமனாருக்கு முதுகு காட்டாமல் ஒருக்களித்து நின்றாள். முன்வரிசையில் அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, உங்களைத்தான். பிள்ளை பேரு என்ன?"

அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அரசுத் தரப்பில் வந்திருந்த பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம், "பேரே தெரியல, இவங்களை நம்பிக் கொடுக்கிறதா?" என்று கேட்டாள், எங்கள் காதிலும் விழட்டும் என்றே. கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்தான். அப்பாவைப் பார்த்தேன். தலையை ஆட்டி ஒரு சைகை காட்டினால் போதும், அவள் சொல்லிவிடுவாள். அவர் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குல்ஸிம் அவர் பக்கமிருந்து நீதிபதியை நோக்கி முழுதாகத் திரும்பினாள். அந்த முதுகு அவருக்கு நேராகத் தெரிந்தது.

"அல்தியார்" என்றாள். பிறகு யாரும் கேட்காமலே, சேய்த்கலி மகன் என்றிருந்ததைக் கைசார் மகன் என்று மாற்றி, "அல்தியார் கைசாருலி. என் மகன்."

தீர்ப்பு வந்ததும் புதுப் பிறப்புச் சான்றிதழோடு இன்னொரு படிவம் எழுதினாள். உறவுமுறை: மகன். நானே கொண்டுபோய் ஸாபிரா மேசையில் வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அவருக்கும் ஒரு சொல் மிச்சமிருந்தது.

"தீர்ப்பு வந்த தேதியிலேருந்துதான் செல்லும், கண்ணு. முந்தின வருஷங்களுக்குத் திருப்பித் தர முடியாது. அப்போ இவ அம்மா இல்லையே."

"அப்போ யாரு பெத்தது? நீங்களா?"

"என்கிட்ட ஏன் எரிஞ்சு விழற? சட்டத்தைக் கேளு."

கேட்பேன். மேல்முறையீடு எழுதி வைத்திருக்கிறேன், நிராகரித்தால் அடுத்ததையும் எழுதுவேன்.

அன்று வேலை முடிந்து நானும் குல்ஸிமும் ஒன்றாக வீடு திரும்பினோம். முற்றத்து வெயிலில் பிள்ளையைப் பலகை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். எங்களுக்கு முதுகு காட்டி, கோழிகளுக்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். குல்ஸிம் படலருகே நின்று, "அல்தியார்!" என்று கூப்பிட்டாள்.

அவன் திரும்பவில்லை. அந்தக் குரலில் அந்தப் பெயரை அவன் கேட்டதே இல்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பான்.

குல்ஸிம் என்னைப் பார்த்தாள். பழைய பெயர் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது.

"வேணாம் ஜெங்கே," என்றேன். "இன்னும் சத்தமா கூப்பிடு."