வெளிப்பக்கத்துப் படிக்கட்டு

அரங்கநாதன் திண்டிவனத்துக்கு வந்தாலே தையல்நாயகிக்கு நெற்றிப்பொட்டு வலிக்கத் தொடங்கிவிடும். அவர், அவள் கணவன் வேங்கடேசனின் அக்கா புருஷன். விழுப்புரத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்தார். மல்லாட்டையைப் பற்றித் தெரிந்ததால் மற்ற எல்லாமும் தெரியும் என்று நம்புகிறவர்.

எண்பத்தாறாம் வருடம், தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் வீடு கட்டவிருந்த மனையில் வந்து நின்றுகொண்டு, மேஸ்திரி கையிலிருந்த பிளானை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

“மாடிப்படி எங்கடா?” என்று வேங்கடேசனைக் கேட்டார்.

“வெளியில மாமா. கெழக்கால செவுரு ஓரமா.”

“வெளியிலயா? வூடு கட்றியா, லாட்ஜு கட்றியா? படின்னா ஹாலு நடுவுல வளைஞ்சி எறங்கணும். வர்றவன் பார்த்து அசந்து போவணும். எங்க வூட்ல பார்த்திருக்க இல்ல?”

வேங்கடேசன் தலையாட்டினான். தாலுகா ஆபீசில் ஆட்டிப் பழகிய தலை. ஞாயிற்றுக்கிழமைகூட அதற்கு ஓய்வு கிடையாது.

“ஹாலுக்குள்ள படி வந்தா ஒரு ரூம் போய்டும்ணா. சமையக்கட்டும் பாதியாய்டும். மேல வாடகைக்கு வுடவும் முடியாது” என்றாள் தையல்நாயகி.

அரங்கநாதன் அவளைப் பார்க்கவில்லை. மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்தார். “தங்கச்சிக்கு சமையக்கட்டு கவலை. ஆம்பளைங்க பேசிக்கினு இருக்கோம், நீ போயி அந்த நெழல்ல ஒக்காரும்மா.”

அவள் வெயிலிலேயே நின்றாள். பேசி முடித்து அவர் பஸ் ஏறும்வரை நின்றாள்.

“மாமா சொல்றதுலயும் ஒரு இது இருக்குது” என்றான் வேங்கடேசன், வீட்டுக்குத் திரும்பும்போது.

“இன்னா இது?”

“ஒரு கௌரவம். நீயே ஒருதபா விழுப்புரம் போயி அந்தப் படிய நல்லா பார்த்துட்டு வா. அப்புறம் பேசு.”

தனக்கென்று ஒரு படிக்கட்டைக்கூட முடிவு செய்யத் தெரியாதவனோடுதான் காலம் தள்ள வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் மறு வாரம் போனாள்.

பார்க்க வேண்டிய படிதான். ஹாலில் பாதியைத் தின்றுவிட்டு, சிவப்புச் சிமெண்ட் பூசி, பித்தளைக் குமிழ் வைத்த கைப்பிடியோடு வளைந்து ஏறியது. கைப்பிடியில் ஈரத் துண்டு தொங்கியது. கீழ்ப்படிகளில் காலிச் சாக்குகள். படிக்கு எதிரே, காலை நீட்டினால் வழியை அடைக்கிற மாதிரி, ஒரு சாய்வு நாற்காலி. அதில் அரங்கநாதன்.

“பார்த்துக்கோம்மா. கண்ணு நெறைய பார்த்துக்கோ” என்றார்.

அப்போது அவர் மனைவி கெங்கம்மாள் வடகத் தட்டோடு படியருகே வந்தாள்.

“எங்க போற?”

“வடகம் காய வெக்க.”

“காலையிலதான போய்ட்டு வந்த? மேல இன்னா, எதிர்வூட்டுக்காரியோட கதையா? வெச்சிட்டு ஜல்தியா எறங்கு.”

கெங்கம்மாள் மேலே போகவில்லை. தட்டோடு சமையலறைக்கே திரும்பிவிட்டாள். இந்த நாத்தனாரையும் வாயில்லாப் பூச்சி என்று நினைத்துத் தையல்நாயகி அதுவரை மதித்ததில்லை. பின்னாலேயே போனாள்.

“தையலு, படிய வெளியில வெச்சிக்கோ” என்றாள் கெங்கம்மாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

“ஏன் அண்ணி?”

“மாடிக்குப் போவணும்னா அந்த நாற்காலியத் தாண்டித்தான் போவணும். எங்க போற, ஏன் போற, எதுக்கு இந்நேரம்னு. மேல போயி நான் இன்னா பண்ணிடுவேன்? கொஞ்சம் காத்து வாங்குவேன். அழகுக்கா அவரு உள்ள கட்டனாரு? யாரு ஏர்றா, யாரு எறங்கறான்னு பார்த்துக்கினு இருக்கத்தான்.”

ஹாலிலிருந்து குறட்டை கேட்டது. காவல்காரர் தூங்கிவிட்டார். வெளியே வரும்போது தையல்நாயகி அவர் நீட்டியிருந்த காலைத் தாண்டித்தான் வந்தாள்.

மறுநாள் காலையில் மனைக்குப் போய், “படி வெளியிலதான். கயிறு புடிச்சி அளந்து போடுங்க” என்று மேஸ்திரியிடம் சொன்னாள்.

“மாமாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?” என்றான் வேங்கடேசன்.

“தலையாட்டுங்க. அதான் வருமே.”

ஆவணியில் கிரகப்பிரவேசம் நடந்தது. அரங்கநாதன் இரண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, படி பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கிறது என்றார். படியைப் பாராட்டியவர்களிடம் வேங்கடேசன், “நான்தான் வெளியில வெக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். தையல்நாயகி காதில் அது விழுந்தது. மறுத்துப் பேசுகிற அளவுக்குக்கூட அதை அவள் பொருட்படுத்தவில்லை.

கார்த்திகை மழை விட்ட ஒரு நாள், கெங்கம்மாள் டிரங்குப் பெட்டியோடு தனியாக வந்து இறங்கினாள். அவள் தன் பெண்ணைக் கட்டிக்கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

“மேல யாரும் குடி வர்லியே?”

“வர்ல அண்ணி.”

“நான் இருந்துக்கறேன்.”

தையல்நாயகி சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

அரங்கநாதன் மூன்றாம் நாள் வந்தார். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, “ஏய், எறங்கி வா” என்றார். எதிர்வீட்டுத் திண்ணைக்காரர்கள் பேப்பரை மடித்தார்கள்.

கெங்கம்மாள் கைப்பிடிச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். “கதவு தொறந்துதான் இருக்குது. பேசணும்னா மேல வாங்க.”

அவர் ஒரு படியில் கால் வைத்தார். தெரு பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் காலை எடுத்துக்கொண்டார்.

தையல்நாயகி வாசலுக்கு வந்தாள். “உள்ள வந்து ஒக்காருங்கண்ணா. காபி போட்டிருக்கேன்.”

“எல்லாம் உன்னால வந்தது. அன்னிக்கே படிய உள்ள வெச்சிருந்தா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

“வெச்சிருந்தா?”

அவர் வாட்சைப் பார்த்தார். விழுப்புரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வேட்டி தடுக்க வேகமாக நடந்தார்.

இத்தனை நேரமும் குளியலறையில் குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இப்போது நின்றது. வேங்கடேசன் தோளில் துண்டோடு வெளியே வந்தான்.

“மாமா வந்தாரா?”

“வந்தாரு.”

“அடடா, குளிச்சிக்கினு இருந்துட்டேனே. இன்னா சொன்னாரு?”

தையல்நாயகி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தலையில் எண்ணெய் வைத்து வாரியது கலையாமல் இருந்தது. ஒரு முடிகூட நனையவில்லை.

அவள் அரங்கநாதனுக்கு என்று போட்ட காபியை இரண்டு டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு நாத்தனாரிடம் போனாள்.